கட்டணத்தைக் குறைக்க வேண்டுமா? முதலில் பெருக்கிப் பாருங்கள்

தேக்கா நிலையத்தை ஒட்டி, பஃபலோ சாலையில் நிற்கும் அடுக்குமாடி வீடுகளில் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பிற்பகல் மூன்று மணி. வரவேற்பறையில் பாட்டி வியர்க்க வியர்க்க உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறார். மின்விசிறி ஓடவில்லை. கேட்டால், “கரண்ட் பில்லு ஏறிப்போச்சுப்பா, சும்மா எதுக்கு ஓட்டணும்?” என்கிறார். பக்கத்து அறையில் பேரன் கதவைச் சாத்திக்கொண்டு, குளிர்சாதனத்தை 20 டிகிரியில் வைத்து, போர்வையைப் போர்த்தியபடி கைப்பேசியில் மூழ்கியிருக்கிறான்.

பாட்டியின் எண்ணம் நல்லது. ஆனால், அவர் படும் பாட்டால் வீட்டுக்கு எவ்வளவு மிச்சம்? கணக்குப் போட்டால் ஒரு மாதத்துக்கு ஐந்து வெள்ளிகூடத் தேறாது. அந்த அறையின் குளிர்சாதனமோ அதைப்போல பத்து மடங்குக்கு மேல் செலவு வைக்கிறது.

சிக்கனம் என்பது எல்லாவற்றையும் அணைத்துவிட்டு இருட்டில் உட்காருவதன்று. பணம் எங்கே போகிறது என்று கண்டுபிடித்து, அந்த இடத்தில் கை வைப்பது. அதற்குத் தேவைப்படும் கருவி ஒன்றே ஒன்றுதான்: பெருக்கல். இந்த வாரம் அந்தக் கருவியைக் கொண்டு, பெற்றோரைக் கவலைப்பட வைக்கும் இரண்டு கட்டணங்களைப் பிரித்துப் பார்ப்போம். ஒன்று, வீட்டின் மின்சார, எரிவாயுக் கட்டணம். மற்றொன்று, காருக்கான காப்புறுதிச் சந்தா.

பில்லில் உள்ள அந்த ஓர் அலகு

மாதந்தோறும் வரும் பில்லை எடுத்துப் பாருங்கள். மின்சாரத்தின் அளவு கிலோவாட் மணி என்ற அலகில் தரப்பட்டிருக்கும். பெயரிலேயே ஒரு பெருக்கல் ஒளிந்திருக்கிறது. கிலோவாட் என்பது திறன். அதாவது, ஒரு கருவி ஆற்றலை எவ்வளவு வேகமாக உண்கிறது என்பது. மணி என்பது நேரம். இரண்டையும் பெருக்கினால் ஆற்றல் கிடைக்கும். 1,000 வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் அது ஒரு கிலோவாட் மணி. 100 வாட் கருவி பத்து மணி நேரம் ஓடினாலும் அதே ஒரு கிலோவாட் மணிதான்.

எனவே, “இது பெரிய கருவியா, சின்னக் கருவியா?” என்று மட்டும் கேட்டால் போதாது. “எவ்வளவு நேரம்?” என்றும் கேட்க வேண்டும். இரண்டு எண்களில் ஒன்று சிறியதாக இருந்தாலும் மற்றது பெரிதாகி உங்களை ஏமாற்றிவிடும்.

ஒரு கிலோவாட் மணியின் விலை மூன்று மாதங்களுக்கு ஒருமுறை மாறும். வேறு விற்பனையாளரிடம் மின்சாரம் வாங்கும் வீடுகளில் விலை வேறாக இருக்கும். நமது கணக்கு எளிதாக இருக்க 30 காசு என்று வைத்துக்கொள்வோம். உங்கள் பில்லில் உள்ள விலையை அந்த இடத்தில் போட்டு நீங்களே மறுபடி பெருக்கிப் பாருங்கள்.

ஒரு மாதத்தை 30 நாளாகக் கொண்டால் கணக்கு இப்படி வரும்:

கைப்பேசியை நாளுக்கு ஒருமுறை முழுதாக மின்னேற்றம் செய்ய ஏறத்தாழ 20 வாட் மணி. மாதத்துக்கு 0.6 கிலோவாட் மணி. செலவு 18 காசு.

10 வாட் எல்இடி விளக்கு, நாளுக்கு 5 மணி நேரம். மாதத்துக்கு 1.5 கிலோவாட் மணி. செலவு 45 காசு.

50 வாட் மின்விசிறி, நாளுக்கு 10 மணி நேரம். மாதத்துக்கு 15 கிலோவாட் மணி. செலவு 4 வெள்ளி 50 காசு.

குளிர்பதனப் பெட்டி, நாளுக்கு ஏறத்தாழ ஒரு கிலோவாட் மணி. மாதத்துக்கு 30 கிலோவாட் மணி. செலவு 9 வெள்ளி.

3 கிலோவாட் தண்ணீர் சூடேற்றி, நான்கு பேர், ஆளுக்குப் பத்து நிமிடம். மாதத்துக்கு 60 கிலோவாட் மணி. செலவு 18 வெள்ளி.

சராசரியாக 800 வாட் இழுக்கும் குளிர்சாதனம், நாளுக்கு 8 மணி நேரம். மாதத்துக்கு 192 கிலோவாட் மணி. செலவு 57 வெள்ளி 60 காசு.

உங்கள் வீட்டுக் கருவிகளின் எண்கள் கொஞ்சம் ஏறலாம், இறங்கலாம். ஆனால் வரிசை பெரும்பாலும் மாறாது. விளக்கு, விசிறி, கைப்பேசி ஆகிய மூன்றையும் ஒரு மாதம் தொடாமலே இருந்தாலும் மிச்சம் ஐந்து வெள்ளியைச் சுற்றியே இருக்கும். குளிர்சாதனத்தை எட்டு மணி நேரத்துக்குப் பதில் ஐந்து மணி நேரம் ஓட்டினால் 21 வெள்ளி 60 காசு மிச்சம்.

குளிர்பதனப் பெட்டியையும் கவனியுங்கள். கொதிகெண்டி 2,000 வாட் இழுக்கிறது. பார்க்கப் பயமாக இருக்கிறது. ஆனால் நான்கு நிமிடத்தில் அதன் வேலை முடிந்துவிடுகிறது. குளிர்பதனப் பெட்டி குறைவாகவே இழுக்கிறது. ஆனால் இரவும் பகலும் ஓய்வதில்லை. மாதக் கடைசியில் அது கொதிகெண்டியை முந்திவிடுகிறது. நேரம் என்ற எண்ணின் வலிமை அது.

வெப்பத்துக்கு ஏன் இவ்வளவு விலை?

பட்டியலை மறுபடி பாருங்கள். மேலே இருப்பவை ஒளி தருபவை, காற்று வீசுபவை, செய்தி காட்டுபவை. அடியில் இருப்பவை வெப்பத்தை உண்டாக்குபவை அல்லது வெப்பத்தை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கடத்துபவை. இது தற்செயல் அன்று.

ஒரு கிலோ தண்ணீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்த ஏறக்குறைய 4.2 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். இதைத் தன்வெப்பக் கொள்ளளவு என்கிறோம். நாம் அன்றாடம் புழங்கும் பொருள்களில் தண்ணீரின் கொள்ளளவு மிக அதிகம். நம் ஊர்க் குழாய்நீர் 28 டிகிரியில் இருப்பதாகக் கொண்டால், ஒரு லிட்டரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர 72 டிகிரி உயர்த்த வேண்டும். 4.2 ஐ 72 ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 302 கிலோஜூல்.

அது எவ்வளவு என்று உணர ஓர் ஒப்பீடு. 60 கிலோ எடையுள்ள ஒருவரை அதே 302 கிலோஜூல் ஆற்றலைக் கொண்டு நேர் மேலே தூக்கினால் எவ்வளவு உயரம் தூக்கலாம்? 500 மீட்டருக்கும் மேல்! சிங்கப்பூரின் மிக உயரமான இயற்கைக் குன்றான புக்கிட் தீமாவின் உயரம் ஏறத்தாழ 163 மீட்டர். உங்களை அதன் உச்சிக்கு மூன்று முறை தூக்கிச் செல்லப் போதுமான ஆற்றல், ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைப்பதில் செலவாகிறது. ஐந்து பேருக்குத் தேநீர் போடும்போது யாரும் இதை நினைத்துப் பார்ப்பதில்லை.

குளியலறைக்கு வருவோம். 3 கிலோவாட் சூடேற்றி வழியாக நிமிடத்துக்கு நான்கு லிட்டர் தண்ணீர் ஓடினால், அது ஏறக்குறைய 11 டிகிரி சூடேறும். 28 டிகிரியில் நுழைந்த நீர் 39 டிகிரியில் வெளிவரும். இதமான வெந்நீர். குளிக்கும் நேரத்தைப் பத்து நிமிடத்திலிருந்து ஐந்தாகக் குறைத்தால் நான்கு பேர் உள்ள வீட்டில் மாதத்துக்கு 9 வெள்ளி மிச்சம். தண்ணீர்க் கட்டணம் குறைவது தனி.

மற்றொரு வழியும் உண்டு. வெயில் கொளுத்தும் நாளில் சூடேற்றியைப் போடாமலே குளிக்கலாம். குளிர்நாட்டில் வாழ்பவர்களுக்கு இல்லாத வசதி இது.

குளிரை உண்டாக்க முடியாது

குளிர்சாதனம் குளிரை உற்பத்தி செய்வதில்லை. அறைக்குள் இருக்கும் வெப்பத்தை அள்ளி வெளியே கொட்டுகிறது. அடுக்குமாடிக் கட்டடத்துக்கு வெளியே தொங்கும் பெட்டிக்கு அருகில் கையை நீட்டினால் சூடான காற்று அடிப்பதை உணரலாம். அதுதான் உங்கள் அறையிலிருந்து போன வெப்பம்.

ஓட்டைப் படகில் உட்கார்ந்து தண்ணீரை இறைப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஓட்டை பெரிதானால் வேகமாக இறைக்க வேண்டும். குளிர்சாதன அறையின் ‘ஓட்டை’ எது? உள்ளேயும் வெளியேயும் இருக்கும் வெப்பநிலை வேறுபாடு. சுவர் வழியாகவும் கண்ணாடி வழியாகவும் உள்ளே கசியும் வெப்பம் இந்த வேறுபாட்டைப் பொறுத்தது. வெளியே 31 டிகிரி, உள்ளே 21 டிகிரி என்றால் வேறுபாடு 10. உள்ளே 25 டிகிரி என்றால் வேறுபாடு 6 மட்டுமே. கசிவு பத்தில் நான்கு பங்கு குறைந்துவிடுகிறது. தேசிய சுற்றுப்புற வாரியம் 25 டிகிரி அல்லது அதற்கு மேல் வைக்கும்படி கேட்டுக்கொள்வதன் பின்னால் இருக்கும் அறிவியல் இதுதான்.

“25 டிகிரியில் புழுங்குமே” என்பீர்கள். இங்கேதான் பாட்டி நிறுத்தி வைத்த மின்விசிறி உதவிக்கு வருகிறது. விசிறி அறையின் வெப்பநிலையைக் குறைப்பதில்லை. உங்கள் தோலின் மேல் உள்ள வியர்வையை ஆவியாக்குகிறது. ஆவியாகும் நீர் உடம்பிலிருந்து வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. அதனால் 25 டிகிரியும் குளுமையாகத் தோன்றும். 50 வாட் செலவழித்து நூற்றுக்கணக்கான வாட்டை மிச்சப்படுத்துகிறோம். ஆகவே, அணைக்க வேண்டிய பட்டியலில் விசிறி முதலில் இருக்கக்கூடாது. அது நமக்கு உதவும் கூட்டாளி. ஆளில்லாத அறையில் மட்டும் அதை அணைத்துவிடுங்கள். விசிறி ஆளைத்தான் குளிர்விக்கும், நாற்காலியை அன்று.

புதிய குளிர்சாதனம் வாங்கும்போது ஆற்றல் முத்திரையில் உள்ள டிக் குறிகளைப் பாருங்கள். ஐந்து டிக் உள்ளது அதே குளிர்ச்சியைக் குறைந்த மின்சாரத்தில் தரும். 2024ஆம் ஆண்டில் வீவக வீடுகளுக்கு 300 வெள்ளி மதிப்புள்ள பருவநிலைப் பற்றுச்சீட்டுகள் தரப்பட்டதும், இப்படிப்பட்ட சிக்கனமான கருவிகளை வாங்க உதவுவதற்காகத்தான். இருக்கும் குளிர்சாதனத்தின் வடிகட்டியைக் கழுவுவதற்கோ எந்தப் பற்றுச்சீட்டும் தேவையில்லை. தூசி அடைத்தால் காற்று ஓடாது. காற்று ஓடாவிட்டால் இயந்திரம் வீணாக உழைக்கும்.

அடுப்படியில் ஓர் ஆய்வகம்

சனிக்கிழமை மதியம் தேக்கா உணவங்காடிக்குப் போனால் கடைக்காரர்களின் அடுப்பைக் கவனியுங்கள். பிரியாணி அண்டா இறுக மூடியிருக்கும். தம் போடும்போது மூடியின் விளிம்பை மாவால் ஒட்டும் வழக்கமும் உண்டு. சுவைக்காகச் செய்வதாகச் சொல்வார்கள். அதில் ஓர் இயற்பியல் பாடமும் இருக்கிறது.

தண்ணீர் கொதிக்கத் தொடங்கிய பிறகு தீயை எவ்வளவு கூட்டினாலும் அதன் வெப்பநிலை 100 டிகிரிக்கு மேல் ஏறாது. கூடுதல் தீயெல்லாம் தண்ணீரை ஆவியாக்கவே போகிறது. ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க ஏறக்குறைய 2,260 கிலோஜூல் வேண்டும். இதை ஆவியாதலின் உள்ளுறை வெப்பம் என்கிறோம். அதே ஒரு கிலோவை 28 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஆனது 302 கிலோஜூல்தான். ஏழு மடங்குக்கும் மேல் வேறுபாடு!

மூடாத பாத்திரத்தில் பருப்பு ‘தளபுள’ என்று கொதிக்கும்போது பருப்பு வேகமாக வேகவில்லை. பணம்தான் வேகமாக ஆவியாகிறது. தினமும் அரை லிட்டர் தண்ணீர் தேவையில்லாமல் ஆவியாவதாக வைத்துக்கொள்வோம். ஆற்றல் 1,130 கிலோஜூல், அதாவது 0.31 கிலோவாட் மணி. எரிவாயு அடுப்பின் தீயில் ஏறக்குறைய பாதி பாத்திரத்தைச் சேராமல் பக்கவாட்டில் போய்விடும். எனவே எரியும் எரிவாயு அதைப்போல இரண்டு மடங்கு, 0.63 கிலோவாட் மணி. குழாய் எரிவாயுவும் பில்லில் கிலோவாட் மணியிலேயே கணக்கிடப்படுகிறது. விலையை 23 காசு என்று கொண்டால் நாளுக்கு 14 காசு, மாதத்துக்கு 4 வெள்ளி 30 காசு.

இந்தத் தொகையை எங்கேயோ பார்த்தது போல இல்லையா? பாட்டியின் மின்விசிறிக்கு ஆகும் மாதச் செலவு கிட்டத்தட்ட இதேதான். ஒரு மூடியை எடுத்துப் பாத்திரத்தின் மேல் வைத்து, கொதி வந்ததும் தீயைக் குறைத்தால், நாள் முழுக்க விசிறி ஓட்டுவதற்கான காசு வந்துவிடுகிறது.

பிரஷர் குக்கர் இன்னும் ஒரு படி மேலே. உள்ளே நீராவியின் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்காகும்போது, தண்ணீரின் கொதிநிலை 120 டிகிரிக்கு அருகில் போகிறது. வெப்பநிலை கூடினால் வேகும் வேகமும் கூடும், நேரம் குறையும். கொண்டைக்கடலையை முதல் நாள் இரவே ஊறவைப்பதும் நேரத்தைக் குறைக்கும் வழியே. அதற்கு ஒரு காசும் செலவில்லை.

தேநீருக்குத் தண்ணீரை எதில் கொதிக்க வைப்பது? ஒரு கிலோவாட் மணிக்கு எரிவாயு மலிவு. சிங்கப்பூரின் மின்சாரத்தில் ஏறத்தாழ 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவை எரித்தே தயாராகிறது. அப்போது எரிவாயுவின் வெப்பத்தில் ஏறக்குறைய பாதிதான் மின்சாரமாகும் என்பதால் மின்சாரத்தின் விலை கூடுதல். ஆனால் வீட்டு அடுப்பில் பாதி வெப்பம் வீணாகிறதே! தண்ணீருக்குள் உண்மையில் இறங்கும் ஒவ்வொரு கிலோவாட் மணிக்கும் எரிவாயுச் செலவு 46 காசு. மின் கொதிகெண்டியில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீரைச் சேர்வதாகக் கொண்டால் செலவு 33 காசு. விலைப்பட்டியலில் மலிவாகத் தெரிவது, முடிவில் மலிவாக இருக்க வேண்டும் என்பதில்லை. தேவையான அளவு தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள். இரண்டு கோப்பைக்கு ஒன்றரை லிட்டர் வேண்டாம்.

உங்கள் வீட்டில் சிலிண்டர் என்றால் அதையும் ஒப்பிடலாம். 12.7 கிலோ சிலிண்டரில் ஏறத்தாழ 160 கிலோவாட் மணி ஆற்றல் இருக்கிறது. சிலிண்டரின் விலையை 160 ஆல் வகுத்தால் ஒரு கிலோவாட் மணியின் விலை கிடைத்துவிடும்.

காருக்கும் அதே பெருக்கல்தான்

இனி இரண்டாவது கட்டணம். எல்லார் வீட்டிலும் கார் இருக்காது. இருந்தாலும் இந்தக் கணக்கு உங்களுக்கு ஒருநாள் தேவைப்படும்.

சிங்கப்பூரில் காப்புறுதி இல்லாமல் எந்த வாகனத்தையும் சாலையில் ஓட்ட முடியாது. விபத்தில் மற்றவருக்கு ஏற்படும் காயத்துக்கோ உயிரிழப்புக்கோ இழப்பீடு தரும் காப்புறுதியையாவது சட்டப்படி வைத்திருக்க வேண்டும். அதற்கான சந்தா எப்படி முடிவாகிறது?

மின்சாரத்தில் திறனையும் நேரத்தையும் பெருக்கினோம். இங்கே பெருக்க வேண்டியவை வேறு இரண்டு எண்கள்: விபத்து நடக்கும் வாய்ப்பு, நடந்தால் ஆகும் இழப்பு. கற்பனையாக 1,000 கார்களை எடுத்துக்கொள்வோம். ஓர் ஆண்டில் அவற்றில் 50 கார்கள் விபத்தில் சிக்குகின்றன. ஒவ்வொன்றுக்கும் 8,000 வெள்ளி செலவு என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 400,000 வெள்ளி. 1,000 பேரும் பகிர்ந்தால் ஆளுக்கு 400 வெள்ளி. அதன்மேல் நிறுவனத்தின் நிர்வாகச் செலவும் லாபமும் சேரும்.

எந்த 50 பேர் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் எண்ணிக்கை பெரிதாகப் பெரிதாக, ஏறக்குறைய எத்தனை பேர் என்று சொல்லிவிடலாம். நாணயத்தைப் பத்து முறை சுண்டினால் ஏழு தலை விழலாம். பத்தாயிரம் முறை சுண்டினால் ஏழாயிரம் தலை விழும் என்று எதிர்பார்க்க முடியாது. பாதிக்கு அருகில்தான் நிற்கும். சுவிட்சர்லாந்துக் கணித அறிஞர் யாக்கோப் பெர்னூலி இதை நிறுவிக் காட்டினார். அவர் இறந்தபின், 1713ல் வெளிவந்த நூலில் அது இடம்பெற்றது. இன்று இதைப் பேரெண் விதி என்கிறோம். காப்புறுதித் தொழில் நிற்பது இந்த விதியின் மேல்தான்.

ஓட்டுநரின் வயது, அனுபவம், காரின் வகை, பழைய விபத்துகள் ஆகியவற்றை நிறுவனம் கேட்பது ஏன் என்று இப்போது புரியும். அந்த இரண்டு எண்களையும் மதிப்பிடுவதற்காகத்தான். ஒரே ஓட்டுநருக்கு வெவ்வேறு நிறுவனங்கள் வெவ்வேறு மதிப்பீடு போடும். ஆகவே, ஆண்டுதோறும் புதுப்பிக்கும் முன் சில நிறுவனங்களின் விலையை ஒப்பிடுவதே எளிதான முதல் சிக்கனம்.

கோரலாமா, வேண்டாமா?

சிங்கப்பூரில் தனியார் கார் ஓட்டுநர் ஓராண்டு இழப்பீடு எதுவும் கோராமல் இருந்தால் மறு ஆண்டுச் சந்தாவில் 10 விழுக்காடு கழிவு கிடைக்கும். ஆண்டுக்கு 10 விழுக்காடாக ஏறி, ஐந்து ஆண்டில் 50 விழுக்காட்டை எட்டும். இதைச் சுருக்கமாக ‘என்சிடி’ என்பார்கள். மோட்டார்சைக்கிளுக்கு இது 10, 15, 20 விழுக்காடு என்று ஏறும். ஆனால் காருக்கு ஒரே ஒரு முறை இழப்பீடு கோரினால் 50 விழுக்காடு 20க்கு இறங்கிவிடும்.

இப்போது ஒரு சிக்கல். தேக்காவில் நெரிசலான கார் நிறுத்துமிடத்தில் அப்பா காரைப் பின்னால் எடுக்கும்போது தூணில் உரசிவிட்டார். வேறு யாருக்கும் சேதமில்லை. பழுதுபார்க்க 700 வெள்ளி. காப்புறுதி இருக்கிறதே, கோரலாமா?

கழிவுக்கு முந்தைய சந்தா 2,000 வெள்ளி, அப்பாவின் கழிவு 50 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். அவர் இப்போது கட்டுவது 1,000. கோரினால் அடுத்த ஆண்டு கழிவு 20 விழுக்காடு, சந்தா 1,600. அதற்கடுத்த ஆண்டு 30 விழுக்காடு, 1,400. பிறகு 40 விழுக்காடு, 1,200. அதன்பிறகே பழைய 1,000. கூடுதலாகக் கட்டியது 600, 400, 200; மொத்தம் 1,200 வெள்ளி.

இன்னொன்றும் உண்டு. ஒவ்வொரு கோரிக்கையிலும் முதல் பகுதியை வாகன உரிமையாளரே ஏற்க வேண்டும். இதை ‘எக்சஸ்’ என்பார்கள். அது 600 வெள்ளி என்றால், 700 வெள்ளிப் பழுதுக்கு நிறுவனம் தருவது வெறும் 100 வெள்ளி. 100 வெள்ளியைப் பெற 1,200 வெள்ளியை இழப்பதா? கூடாது. பழுது 5,000 வெள்ளி என்றால்? நிறுவனம் 4,400 தரும். 1,200ஐ இழந்தாலும் கோருவதே சரி. இந்த எண்களின்படி எல்லைக்கோடு 1,800 வெள்ளி. அதற்குக் கீழே கையிலிருந்து கட்டலாம். அதற்கு மேலே கோரலாம்.

எதில் சிக்கனம் கூடாது?

கணக்கு தெரிந்தவர் செய்யக்கூடாத தவறு ஒன்று உண்டு: எல்லாவற்றையும் குறைப்பது. எக்சஸ் தொகையைக் கூட்டிக்கொண்டால் சந்தா குறையும். ஆனால் விபத்து நாளில் அந்தத் தொகையை உடனே கட்டக் கையில் பணம் இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த மலிவு வேண்டாம்.

கோரப்போவதில்லை என்றாலும் விபத்தைக் காப்புறுதி நிறுவனத்திடம் 24 மணி நேரத்துக்குள் அல்லது அடுத்த வேலை நாளுக்குள் தெரிவித்தாக வேண்டும். தெரிவிப்பதால் மட்டும் கழிவு குறைவதில்லை. மறைத்தால்தான் வம்பு. மற்றவர் காயமடைந்த விபத்தில் “கழிவு போய்விடுமே” என்று தயங்குவது பெரிய தவறு. காப்புறுதி என்பது நாம் தாங்க முடியாத இழப்புக்காக. 700 வெள்ளிக் கீறலுக்காக அன்று. வாய்ப்பு சிறியதாக இருந்தாலும் இழப்பு வாழ்க்கையையே புரட்டிப்போடும் என்றால் அந்தப் பெருக்கலை அலட்சியம் செய்யக்கூடாது.

வீட்டிலும் அப்படியே. குழந்தையோ நோயாளியோ முதியவரோ வெப்பத்தில் வாடும் வீட்டில் குளிர்சாதனம் ஆடம்பரமன்று. அவர்களுக்குத் தேவையானதைக் கொடுத்துவிட்டு, வீணாவதைக் குறைப்பதே சிக்கனம்.

செய்து பாருங்கள்

இந்த வாரம் ஒரு தாளில் நான்கு கட்டங்கள் போடுங்கள்: கருவியின் பெயர், வாட், நாளுக்கு எத்தனை மணி நேரம், மாதச் செலவு. கருவியின் பின்புறத்திலோ அடியிலோ ஒட்டியுள்ள முத்திரையில் வாட் அளவு இருக்கும். குளிர்சாதனமும் குளிர்பதனப் பெட்டியும் விட்டுவிட்டு இயங்குவதால், முத்திரையில் உள்ளதைவிடச் சராசரி குறைவாக இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

பட்டியல் முடிந்ததும் கூட்டிப் பாருங்கள். பில்லில் உள்ள தொகைக்கு அருகில் வருகிறதா? வராவிட்டால் எதையோ விட்டுவிட்டீர்கள். இரவு எல்லாரும் படுத்தபின்னும் விழித்திருக்கும் கருவிகளைத் தேடுங்கள். 5 வாட் மட்டுமே இழுக்கும் ஒரு பெட்டி மாதம் முழுக்க ஓய்வின்றி இருந்தால் 1 வெள்ளி 8 காசு.

பிறகு, பட்டியலில் மிகப்பெரிய இரண்டு எண்களை வட்டமிடுங்கள். மாற்றத்தை அங்கே தொடங்குங்கள். வீட்டில் கார் இருந்தால், அப்பா அம்மாவிடம் கேட்டு, உங்கள் குடும்பத்தின் சந்தா, கழிவு, எக்சஸ் ஆகியவற்றைக் கொண்டு அந்த எல்லைக்கோடு எத்தனை வெள்ளி என்று கண்டுபிடித்துக் கொடுங்கள். உரசல் நடந்த அன்று பதற்றத்தில் கணக்குப் போட முடியாது. இன்றே போட்டு வைப்பது நல்லது.

கடைசியாக ஒரு வேலை. உங்கள் அறைக் குளிர்சாதனத்தை 25க்குக் கொண்டுவந்துவிட்டு, பாட்டியிடம் தாளைக் காட்டி, “விசிறியைப் போட்டுக்கோங்க பாட்டி, மாசம் முழுக்க ஓடினாலும் அஞ்சு வெள்ளிகூட ஆகாது” என்று சொல்லுங்கள்.